மண்ணின் தந்தை பிர்சா முண்டா

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள. காமராஜர், பகத்சிங், அப்துல் கலாம் என்று ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். நான் பிர்சா முண்டாவை எடுத்துக்கொண்டேன். யாருப்பா அது என்று நாலு பேர் கேட்டார்கள். அதனால்தான் கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தான் பிறந்த காடும் மலையும் தன் மக்களுக்குச் சொந்தம் என்று சொன்னதற்காக இரண்டு முறை கைதானவர் பிர்சா. முதல் வழக்கில் தண்டனை அனுபவித்தார். இரண்டாவது வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே சிறையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 24. நம்மில் பலருக்கு அண்ணன் வயசு, அவ்வளவுதான்!

சிவில் படிக்கிறவனுக்கு இவர் மேல் என்ன அக்கறை என்று கேட்கலாம். இருக்கிறது. அவர் மேல் போட்ட வழக்கின் வேரைத் தேடிப் போனால், அது நாம் சர்வே பிராக்டிகலில் இழுக்கிறோமே, அந்தச் செயினில் போய் முடிகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம மலையில் இருந்து தொடங்குவோம்

போடி பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்த்தால் மலை. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பிவிடும். ஏலக்காய் ஏலம், தரம் பிரிக்கும் வேலை, கமிஷன் கடை என்று நம் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த மலைதான் சோறு போடுகிறது.

ஆனால் தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்கள் இருக்கிறார்கள். சிறைக்காட்டில் பளியர்கள் இருக்கிறார்கள். மதுரையை விட்டுப் புறப்பட்டு, பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று முதுவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். தேன், கிழங்கு, கேழ்வரகு என்று காட்டோடு காடாக வாழ்ந்தவர்கள்.

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் இருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். எழுதிக் கொடுத்தவர் ஒருவர், எழுதி வாங்கியவர் ஒருவர். மலையிலேயே குடியிருந்த முதுவர்கள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பே கிடையாது. மலைக்கு இந்தப் பக்கம், நம் சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று ஒரு எல்லை போட்டார்கள். கோடு போட்ட மறுநாளில் இருந்து, பாட்டன் காலத்தில் இருந்து விறகு பொறுக்கிய இடத்தில் விறகு பொறுக்கினால் அது வனக்குற்றம்!

கிட்டத்தட்ட இதே காலத்தில், இதே கதை இன்னொரு மலையிலும் நடந்தது. ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கிற சோட்டா நாக்பூர் மலை. அந்த மலையில் இருந்து ஒருவன் எழுந்து நின்றான்.

ஆடு மேய்த்த பிள்ளை

1875 நவம்பர் 15ஆம் தேதி பிறந்தார் பிர்சா. ஊர் உலிஹாத்து. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா சுகனா முண்டா, அம்மா கர்மி. கூலி வேலை தேடி ஊர் ஊராகப் போன ஏழைக் குடும்பம். பிர்சா கொஞ்ச நாள் மாமா வீட்டில், கொஞ்ச நாள் சித்தி வீட்டில் என்று வளர்ந்தார். ஆடு மேய்ப்பார். புல்லாங்குழல் ஊதுவார். சுரைக்குடுக்கையில் செய்த துயிலா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் வாசிப்பார்.

படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. மேலே படிக்க வேண்டும் என்றால் சாய்பாசா ஊரில் இருந்த ஜெர்மன் மிஷன் பள்ளிக்கூடம்தான் வழி. கிறிஸ்தவரான பிறகு அங்கே சேர்ந்து 1886 முதல் 1890 வரை படித்தார். அந்த நேரத்தில் முண்டா மக்களின் நிலத் தலைவர்களான சர்தார்களுக்கும் மிஷன்காரர்களுக்கும் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. சர்தார்களை மோசடிக்காரர்கள் என்று பாதிரியார் ஒருவர் ஏசியதை பிர்சாவால் பொறுக்க முடியவில்லை. எதிர்த்துப் பேசினார். பள்ளியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

சர்தார்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

காட்டை வெட்டியவனே காணிக்குச் சொந்தக்காரன்

முண்டா மக்களிடம் குந்த்கட்டி என்று ஒரு முறை இருந்தது. எந்தக் குலத்தின் முன்னோர்கள் முதன்முதலில் காட்டைத் திருத்தி நிலமாக்கினார்களோ, அந்தக் குலம் முழுவதற்கும் அந்த நிலமும் ஊரும் காடும் பொது. தனி ஆள் விற்க முடியாது. ஜமீன்தார் என்று ஒருவர் கிடையாது.

இதற்கு அவர்கள் வைத்திருந்த அத்தாட்சி என்ன தெரியுமா? கல்! இறந்துபோன முன்னோர்களின் எலும்பைப் புதைத்து, மேலே பெரிய பலகைக் கல் வைப்பார்கள். அதற்கு சாசன்திரி என்று பெயர். கேட்பதற்கு நம்ம சாசனம் மாதிரியே இருக்கிறது இல்லையா? எங்கள் பாட்டன் இங்கே படுத்திருக்கிறான், ஆகவே இந்த ஊர் எங்களுடையது என்பதற்கு அந்தக் கல்தான் அவர்களுக்குப் பட்டா.

ஆனால் கம்பெனியார் 1793இல் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்துக்குக் கல் புரியாது. காகிதம்தான் புரியும். காகிதம் வைத்திருந்த ஜமீன்தார்களும் ஜாகீர்தார்களும் வட்டிக்காரர்களும் மலைக்குள் நுழைந்தார்கள். இவர்களை முண்டாக்கள் திக்கு என்று சொன்னார்கள், அதாவது வெளியாள். சொந்த நிலத்திலேயே முண்டா வாரக்காரன் ஆனான். அதற்கு மேல் கூலியில்லா வெட்டி வேலை வேறு. பேட் பேகாரி என்று அதற்குப் பெயர்.

சர்தார்கள் எடுத்தவுடன் வில்லை எடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1858இல் தொடங்கி ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர்கள் மனுப் போட்டார்கள். ஊர் ஊராகக் காசு வசூல் செய்து வக்கீல் வைத்தார்கள். கோர்ட்டுக்கு நடந்தார்கள். கல்கத்தா வரைக்கும், கடல் தாண்டி லண்டன் வரைக்கும் மனு போனது. 1869இல் ஒரு சட்டம் போட்டு, பூயின்ஹாரி நிலம் என்று ஒரு வகையை மட்டும் சர்வே செய்தார்கள். பதினொரு வருஷம் அந்த வேலை நடந்தது. ஆனால் குலப் பொதுவான குந்த்கட்டி நிலம் பெரும்பாலும் அந்த அளவைக்குள் வரவே இல்லை. அளவையில் வராத நிலத்துக்குக் கோர்ட்டில் மதிப்பு ஏது?

அடுத்து காட்டுக்கும் வேட்டு வந்தது. 1878இல் இந்திய வனச் சட்டம். அதை வைத்து 1894இல் சோட்டா நாக்பூரில் ஊர்ப் புறம்போக்கை எல்லாம் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்தார்கள். மாடு மேய்த்தால் வரி. விறகு எடுத்தால் வரி. வரியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டு சாய்பாசாவுக்கு மனுவோடு நடந்து போன கூட்டத்தில் பிர்சாவும் இருந்தார். மனு எடுபடவில்லை. 

முதல் வழக்கு

1895இல் பிர்சா சல்கட் கிராமத்தில் பேசத் தொடங்கினார். ஒரே கடவுளை வணங்குங்கள், குடியை விடுங்கள், பேய் பிசாசு என்று ஏமாறாதீர்கள், சுத்தமாக இருங்கள் என்றார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். அவரைப் பார்க்க மலை மலையாக ஜனங்கள் நடந்து வந்தார்கள். தர்தி ஆபா, அதாவது மண்ணின் தந்தை என்று அவரை அழைத்தார்கள்.

வெறும் சாமியாராக இருந்திருந்தால் சர்க்கார் விட்டிருக்கும். ஆனால் வந்த கூட்டத்தில் சர்தார்களும் இருந்தார்கள். இந்த நிலம் நம்முடையது, வரி கொடுக்க வேண்டியதில்லை என்ற பேச்சும் கிளம்பியது. சும்மா விடுவார்களா? 1895 ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவு, தூங்கிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

வழக்கு விசாரணையைக் குந்தியில், முண்டாக்களின் கண் முன்னாலேயே நடத்த வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். உங்கள் கடவுளைப் பாருங்கள், கைவிலங்கோடு நிற்கிறான் என்று காட்டத்தான். ஆனால் நடந்தது வேறு. கூட்டம் பயந்து ஓடுவதற்குப் பதிலாக இன்னும் பெருகியது. விசாரணையை நிறுத்தி, ராஞ்சிக்கு மாற்றினார்கள். 1895 நவம்பர் 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சர்க்காருக்கு எதிராக மக்களைத் தூண்டினார் என்று இரண்டு வருஷம் கடுங்காவல், 50 ரூபாய் அபராதம். நாலு நாளைக்கு முன்புதான் அவருக்கு 20 வயது முடிந்திருந்தது.

இங்கே ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியை அந்தக் கோர்ட் எடுத்துக்கொள்ளவே இல்லை. அது சிவில் கேள்வி. அந்தக் கேள்வியோடு சர்தார்கள் 40 வருஷம் படியேறியும் பதில் கிடைக்கவில்லை. கேட்டவன் மேல் கிரிமினல் வழக்கு மட்டும் மூன்றே மாதத்தில் முடிந்துவிட்டது!

கோவில் மண்ணும் துளசி இலையும்

விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897 கடைசியில் பிர்சாவை ஹசாரிபாக் சிறையில் இருந்து விட்டார்கள். நாடே பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்தது. இனி இயக்கத்தில் சேரக்கூடாது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1898இல் ஆட்களோடு சுட்டியா, ஜகந்நாத்பூர் கோவில்களுக்கும், நவரத்தன் என்ற பழைய கோட்டைக்கும் போனார். இவையெல்லாம் நம் முன்னோர்கள் இடம் என்பது அவர் நம்பிக்கை. ஒரு இடத்தில் துளசி, ஒரு இடத்தில் சந்தனம், ஒரு இடத்தில் மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தார். பத்திரம் இல்லாத மனிதன் வேறு எதை எடுத்து வருவான்? டோம்பாரி மலையில் இரவுக் கூட்டங்கள் நடந்தன. மனுப்போட்ட காலம் முடிந்துவிட்டது என்று இளைஞர்கள் தீர்மானித்தார்கள்.

1899 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உல்குலான் வெடித்தது. பெரும் கலகம் என்று அதற்கு அர்த்தம். மிஷன் இடங்கள் மேல் அம்பு பாய்ந்தது. தீ வைத்தார்கள். ஜனவரி முதல் வாரத்தில் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஜனவரி 7ஆம் தேதி குந்தி போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு பிர்சாவை வெறும் படமாக்கி மாலை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. செத்துப்போன கான்ஸ்டபிளும் யாரோ ஒருத்தர் பிள்ளைதான். ஆனால் 40 வருஷம் மனுவைக் குப்பையில் போட்டவர்களும் இந்தக் கணக்கில் பங்குதாரர்கள்தான்.

1900 ஜனவரி 9ஆம் தேதி டோம்பாரிப் பக்கம் சைல் ரகாப் குன்றில் கூடியிருந்தவர்களைப் பட்டாளம் சுற்றி வளைத்தது. வில்லுக்கும் கல்லுக்கும் எதிரே துப்பாக்கி. பெண்களும் குழந்தையும்கூடச் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்குக்கும் பத்திரிகைக் கணக்குக்கும் அன்றைக்கே பெரிய வித்தியாசம்.

இரண்டாவது வழக்கு

பிர்சா தலைக்கு 500 ரூபாய் விலை வைத்தார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அந்தக் காசுக்கு ஆசைப்பட்டு அவருடைய ஜனத்தில் சில பேரே காட்டிக்கொடுத்தார்கள். 1900 பிப்ரவரி 3ஆம் தேதி, சக்ரதர்பூர் பக்கத்துக் காட்டில் தூங்கும்போதே மறுபடியும் பிடிபட்டார்.

அவரோடு நூற்றுக்கணக்கான முண்டாக்களை உள்ளே போட்டார்கள். கொலை, தீவைப்பு, கலகம் என்று வழக்குகள். மாதக்கணக்கில் விசாரணை நகரவில்லை. சாட்சி தயார் செய்ய வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே சிறையிலேயே பல பேர் செத்துப்போனார்கள். கல்கத்தாவில் இருந்து ஜேக்கப் என்ற பாரிஸ்டர் வந்து முண்டாக்களுக்காக வாதாடினார். சுரேந்திரநாத் பானர்ஜி சட்டசபையில் இந்தக் கொடுமையை எழுப்பினார். பத்திரிகைகள் எழுதின. மலைக்காரன் வழக்கு அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

1900 ஜூன் 9ஆம் தேதி காலையில் ராஞ்சி சிறையில் பிர்சா இறந்தார். காலரா என்று அதிகாரிகள் எழுதினார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவருடைய மக்கள் நம்பினார்கள். இரண்டாவது வழக்கில் அவர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. விசாரணைக் கைதியாகவே போய்விட்டார். மிஞ்சியவர்களில் சிலருக்குத் தூக்கு, பலருக்கு ஆயுள் முழுக்க நாடு கடத்தல், சிலருக்கு நீண்ட சிறை.

செயின் திரும்பி வந்தது

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கலகத்தை அடக்கிவிட்ட சர்க்காருக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. 1902 முதல் 1910 வரை ராஞ்சி மாவட்டம் முழுக்க மறுபடியும் சர்வே செய்தார்கள். இந்தத் தடவை குந்த்கட்டி நிலத்தையும் அளந்து, ஆவணத்தில் ஏற்றினார்கள். 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஆதிவாசி நிலத்தை வெளியாள் வாங்க அது தடை போட்டது. அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நாற்பது வருஷ மனுவால் கிடைக்காதது, பிர்சா செத்து எட்டு வருஷத்தில் கிடைத்தது. ஒரு சர்வே விட்டுவிட்டதை இன்னொரு சர்வே எழுதிக் கொடுத்தது. சர்வே கருவி மேல் தப்பில்லை நண்பர்களே! அதைப் பிடித்த கைக்கு என்ன உத்தரவு இருந்தது, பீல்டு புக்கில் யார் சொன்னதை எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2000இல் ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆனபோது, பிர்சா பிறந்த நவம்பர் 15ஆம் தேதியையே தேர்ந்தெடுத்தார்கள். 2021 முதல் அந்த நாளை நாடு முழுக்கப் பழங்குடியினர் பெருமை தினமாகக் கொண்டாடுகிறோம். அவருடைய சிலைகளில் கையில் விலங்கு இருக்கும். அதை எடுத்துவிடலாம் என்று ஜார்க்கண்ட் அரசு 2016இல் முடிவு செய்தது. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு வருஷத்திலேயே, அதே குந்தி மாவட்டத்தில் ஊர் எல்லையில் கல் நட்டு அதில் தங்கள் உரிமையைச் செதுக்கிய முண்டா மக்கள் மேல் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் வந்த புதிய அரசுதான் அவற்றை வாபஸ் வாங்க முடிவெடுத்தது. சிலைக்கு விலங்கைக் கழற்றுவது சுலபம்!

இது நம் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் மாப்புச்சே மக்கள், மூதாதையர் நிலத்தைக் கேட்டுப் போராடியபோது அவர்கள் தலைவர்கள் மேல் பயங்கரவாதச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். அது தப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது.

கல்லும் சாட்சி சொல்லும்

கடைசியாக நம் மலைக்கு வருகிறேன். 2006இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வாழும் மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்திருக்கிறது என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. உரிமை கேட்கும் மனுவை முதலில் கிராம சபைதான் விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற இடைக்காலத் தடையால் உரிமைப் பட்டா கொடுப்பது பல வருஷம் நின்றுபோய், 2016இல் உச்சநீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் வழி பிறந்தது. 2019 பிப்ரவரியில் மனு தள்ளுபடியானவர்களைக் காட்டில் இருந்து வெளியேற்றச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. இரண்டு வாரத்தில் அதை அதே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆக, காகிதம் இல்லாத மனிதனின் தலைக்கு மேல் இன்றைக்கும் கத்தி தொங்குகிறது.

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. 2008இல் வந்த அந்தச் சட்டத்தின் விதிகளில், எதையெல்லாம் அத்தாட்சியாக ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாய்மொழியை எழுதிக்கொள்ளலாம். நிலத்தில் போட்ட வரப்பு, பழைய கிணறு, கும்பிடும் இடம் எல்லாம் அத்தாட்சி. அந்தப் பட்டியலில் இடுகாடும் இருக்கிறது! எங்கள் பாட்டன் இங்கே படுத்திருக்கிறான் என்று முண்டாக்கள் காட்டிய கல்லை அன்றைய சட்டம் தூக்கி எறிந்தது. நூறு வருஷம் கழித்து சட்டம் அதே கல்லைச் சாட்சியாகக் கூப்பிடுகிறது. அதற்கு விலையாகத்தான் பிர்சா மாதிரி எத்தனையோ பேர் கூண்டில் ஏறினார்கள்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் ஒருவர் சர்வேயர் ஆவார். ஒருவர் ஹைவேஸில் ஓவர்சீயர், ஒருவர் மின்வாரியத்தில் ஜே.இ., ஒருவர் தனியார் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். ரோடு போட, லைன் இழுக்க, எல்லை பிரிக்க என்று டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு குரங்கணிக்கோ அகமலைக்கோ ஏறத்தான் போகிறோம். நாம் போடுகிற கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒரு குடும்பம் விழுகிறதோ, அதை வைத்துத்தான் அவர் குடியிருப்பவரா, அத்துமீறியவரா என்று நாளைக்கு ஒரு கோர்ட் சொல்லப்போகிறது.

அதனால் ட்ரைபாடை ஊன்றுவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெரியவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சாமி எங்கே, கிணறு எங்கே, முன்னோர்களைப் புதைத்த இடம் எங்கே என்று கேட்டு, அதையும் அளந்து ஸ்கெட்சில் குறியுங்கள். கூடுதலாக ஒரு அரை நாள் வேலை ஆகும். ஆகட்டுமே!